மைக் சோதனை

மண்டபத்துத் தரையில் முழங்கால் போட்டு, ஒயர்கள் யார் காலையும் தடுக்காதபடி அகலமான டேப்பை ஒட்டிக்கொண்டே வந்தாள் ஒயரக்கா. கேமரா, மைக் வாடகைக்கு விடும் கடையில் வேலை. எந்த ஒயர் எங்கே போகும் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெயரும் அப்படி வந்ததுதான்.

கணினிக்காரர்கள் சிலர் சம்பளம் வாங்காமல் கூடி நடத்தும் மாநாடு. வர முடியாதவர்களுக்காக நேரலை. பொறுப்பாளரான வாத்தியார் கடைக்கு வந்து கருவிகள் கேட்டபோது முதலாளி கையை விரித்துவிட்டார். வாத்தியார் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒயரக்கா தானே இறங்கினாள். கல்யாண வீடியோக்காரரிடம் கேமராவும் மைக்கும், வாத்தியாரிடம் மடிக்கணினி, இணையம் காலை வாரினால் மாற்றுக்கு ஒரு போன் என்று எலி வளையில் நெல் சேர்ப்பதுபோலச் சேர்த்துவிட்டாள்.

லீவுதான் சேரவில்லை. "இன்னொரு லீவு போட்டே, வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் மாமியாரை நோயில் தள்ளினாள்.

"எனக்கு என்னன்னு சொல்லப்போறே?"

"வயித்து வலின்னு, அத்தை."

"போடி, வயித்து வலிக்கெல்லாம் யாரு லீவு குடுப்பா? மயக்கம்னு சொல்லு. அவரு போன் பண்ணட்டும், நான் மூச்சிரைக்கிற இரைப்புல அவருக்கே மயக்கம் வந்துடும்."

மாநாடு தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. வாத்தியார் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார்.

"அக்கா, மேடையில நின்னு பேசுங்க. சத்தம் பாக்கணும். இது சோதனைதான், நமக்குள்ள."

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

"அது பத்தாது. மூச்சு விடாம பேசுங்க."

மூச்சு விடாமல் பேச அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. "எங்க முதலாளி எச்சில் கையால காக்கா ஓட்ட மாட்டார். புது பேட்டரி கேட்டா பழசைத் துடைச்சுக் குடுப்பார். இப்ப எங்க அத்தைக்கு மயக்கம்னு நம்பிக்கிட்டு இருக்கார், பாவம். அத்தை கால் மேல கால் போட்டுக்கிட்டு நம்ம நேரலைக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க."

வாத்தியார் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டித் திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. 'மாமியார் நலமா?' என்று கீழே யாரோ எழுதியிருந்தார்கள்.

அவள் பேசியதெல்லாம் நேராகப் போனது மாநாட்டின் பொதுப் பக்கத்துக்கு. காலை அவசரத்தில் மறந்துவிடக் கூடாதே என்று முந்தின நாளே அப்படி மாற்றி வைத்தது ஒயரக்காதான். அவளுடைய முன்யோசனை அவளுக்கே வேட்டு வைத்துவிட்டது. கருவி கேட்டுப் போனபோது வாத்தியார் முதலாளிக்கும் அந்தப் பக்கத்தை அனுப்பியிருந்தார்.

போன் அடித்தது. மாமியார்.

"கண்ணு, சத்தம் கணீர்னு இருந்துச்சு. உங்க முதலாளியும் போன்ல பேசினாரு. நானும் விடாம மூச்சிரைச்சேன். 'பாத்துட்டுதாம்மா பேசுறேன்'னுட்டாரு. அங்கதான் கிளம்பி வராராம்."

ஒயரக்கா வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். வேலை போனால் அடுத்த மாத வாடகை? ஆனாலும் மண்டபம் நிறைந்து, முதல் பேச்சாளர் தொடங்கி, படமும் சத்தமும் பிசிறில்லாமல் போனபோது பெருமை பொங்கத்தான் செய்தது.

முதலாளி வந்தார். நிறைந்த நாற்காலிகளைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். நேரலையில் எத்தனை பேர் என்று எட்டிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"முதலாளி, நான் வந்து..."

"நீ வேலையைப் பாரும்மா" என்றவர் வாத்தியாரிடம் திரும்பினார். "நம்ம கடைப் பொண்ணு. நல்ல காரியமாச்சேன்னு நான்தான் அனுப்பி வெச்சேன்."

வாத்தியார் அவளைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். எதையும் அளவோடு செய்யத் தெரியாத அந்த மனுஷர் நன்றி சொல்ல முதலாளியை மேடைக்கே அழைத்துவிட்டார்.

மேடைக்குப் போகும் வழியில் முதலாளி அவள் காதருகே குனிந்தார். "வேலைக்குப் பயப்படாதே. இன்னிக்குச் சம்பளம் மட்டும் கிடையாது. அடுத்த மாசத்துலேருந்து நம்ம கடையிலயும் நேரலை எடுத்துப் பண்றோம். ஞாயித்துக்கிழமையும் வந்துடு. உனக்குத்தான் சேவைன்னா உசுராச்சே."

வேலை தப்பியதில் உயிர் வந்தது. கூடவே வயிறும் எரிந்தது.

"என் ஊழியர்கள் எனக்குக் குடும்பம் மாதிரி" என்று முதலாளி தொடங்கினார். கைதட்டல் எழுந்தது. ஆனால் மைக்கை விட்டுத் தள்ளி நின்றதால் குரல் எடுபடவில்லை.

ஒயரக்கா கேமராவை அவர் முகத்துக்கு நெருக்கினாள். வெளிச்சத்தைச் சரிசெய்தாள். பிறகு அவர் சொல்வது, மைக் சோதனையைக் கேட்டிருந்த எல்லா வீடுகளுக்கும் தெளிவாகக் கேட்கும்படி, சத்தத்தை மெல்ல ஏற்றினாள்.