சடன்பிரேக் அக்காவும் இரண்டாம் இடத்துக்காரரும்

1

இந்தக் கதை பக்தியில் பிறக்கவில்லை, பாஸ்டரின் நச்சரிப்பில் பிறந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து சட்டையைப் பிடிக்காதீர்கள்.

சபையின் ஆண்டு மலருக்கு ஒரு கதை வேண்டுமாம். நான் வேறு ஏதோ எழுதுகிறவன் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

"வாலிபப் பிள்ளைங்க படிச்சுட்டு யோசிக்கணும் பிரதர். விசுவாசத்துல வளர்றது, வாழ்க்கையில எதுக்கு முதல் இடம், எதுக்கு ரெண்டாவது இடம்... இதெல்லாம் வரணும். கடைசில ஆள் மாறிடணும்."

"மாறலன்னா பாஸ்டர்?"

"மாறலன்னா அது எதுக்கு பிரதர் நம்ம மலர்ல வரணும்?"

நியாயம்தான். உட்கார்ந்தேன்.

தொடக்கம் ஒன்று: "பச்சைப் பசேலென்ற மலையடிவாரத்தில் ஒரு மேய்ப்பன் தன் காணாமல்போன ஆட்டை—" (வேண்டாம். நான் ஆட்டைக் கிட்டத்தில் பார்த்தது தட்டில் மட்டும்தான்.)

தொடக்கம் இரண்டு: "பாவ இருளில் உழன்றுகொண்டிருந்த ஒரு வாலிபன் ஒருநாள்—" (ஒருநாள் என்ன? தெரியவில்லை. எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அவன் அங்கேயே உழன்றுகொண்டிருந்தான். பாவமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

தொடக்கம் மூன்று: "அவள் பிரேக்கை மிதித்தாள்."

அட! இது நகர்கிறதே.

2

பிரேக்கை மிதித்தவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அப்படிப்பட்ட பள்ளிக் கார்களில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவன் குப்பைத் தொட்டியை நோக்கிப் பாசத்தோடு போனால், பக்கத்தில் இருக்கிறவர் மிதித்து நிறுத்திவிடலாம். நம்ம ஆள் அதை மிதிக்கிற மிதியில் மாணவர்களுக்கு உள்ளே போன சாப்பாடு ஒரு தரம் வெளியே எட்டிப் பார்க்கும். அதனால்தான் ஊரே அவளுக்குச் சடன்பிரேக் அக்கா என்று பேர் வைத்துவிட்டது.

பிரேக்கோடு நிறுத்துவாளா? வாயும் கூடவே வரும்.

"ஏம்பா, அது கிளட்சா இல்ல உன் மாமியா கழுத்தா? இந்த மிதி மிதிக்கற!"

"பின்னாடி பாக்கறதுக்குத்தான் கண்ணாடி வச்சிருக்கு. தல வாரறதுக்கு இல்ல!"

இப்படி இருந்தவள் ஒரு உபவாசக் கூட்டத்தில் பாஸ்டரின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு விசும்பிக்கொண்டே எழுந்து சாட்சி சொன்னாள். "இனிமே எனக்கு ஆண்டவர் முதல்ல. எங்க வீட்டுக்காரர் ரெண்டாவது. வேலை மூணாவதுதான். இனி யார்கிட்டயும் கத்த மாட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன், இரண்டாம் இடம் கிடைத்தவர் எழுந்து நிற்க வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். அவர் பல்செட் செய்கிறவர். யாரோ ஒருவரின் சிரிப்பை நாள் முழுக்கத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்துகொண்டிருப்பவர். பேச்சு குறைவு, பொறுமை அதிகம்.

3

அக்கா சொன்னால் செய்வாள். விடியலில் எழுந்து ஜெபித்தாள். வாரத்தில் ஒருநாள் முழுக்க வேலைக்கு விடுப்பு சொன்னாள். கத்தல் வரும்போதெல்லாம் அதற்குப் பதிலாக "ஸ்தோத்திரம்" என்று சொல்லப் பழகினாள்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். மாணவர்கள் புத்திசாலிகள். மெதுவாக "ஸ்தோத்திரம்" என்றால் கிளட்சை விடு, கொஞ்சம் அழுத்தி "ஸ்தோத்திரம்!" என்றால் வேகத்தைக் குறை, கண்ணை மூடிக்கொண்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்!" என்றால் லாரி வருகிறது என்று அவர்களே கற்றுக்கொண்டார்கள். ஒரு ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் உற்சாகம் தாங்காமல் அந்தச் சொல்லை மைக்கில் முழங்க, பின்வரிசையில் இருந்த அவளுடைய பழைய மாணவர் ஒருவர் முன்நாற்காலியை ஓங்கி மிதித்துவிட்டார். முன்நாற்காலியில் பருமனான ஒரு சபை மூப்பர் இருந்தார். ஒரு கணம் இல்லாமல் போய், பிறகு தரையில் இருந்தார்.

(பாஸ்டர் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு போன் செய்தார். "ஸ்தோத்திரத்த இப்படிப் போடலாமா பிரதர்?" "நீங்கதானே பாஸ்டர் எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னீங்க?" பாஸ்டர் பேச்சை மாற்றினார். "மூப்பர் யாருன்னு தெரியாத மாதிரி எழுதிடுங்க." பருமனான என்பதை எடுத்துவிடுவதாகச் சொன்னேன். எடுக்கவில்லை.)

ஆனால் பொய் சொல்லக் கூடாது, அக்கா மாறித்தான் போனாள். அழுதுகொண்டே வந்த மாணவிகள் சிரித்துக்கொண்டே போனார்கள். "அக்கா எவ்ளோ சாந்தம்!" என்று ஊரெல்லாம் பேச்சு.

4

இங்கேயே "ஆமென்" போட்டு முடித்திருக்கலாம். ஆள் மாறியாச்சு, பாஸ்டருக்குச் சந்தோஷம், எனக்குத் தூக்கம். ஆனால் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒருத்தி இவ்வளவு நல்லவளாக ஆனபிறகு கதாசிரியனுக்கு அங்கே என்ன வேலை? அவள் வேலை முடித்துப் போகும்போது பின்னாலேயே போனேன். (எழுதுகிறவனுக்கு இந்த உரிமை உண்டு. நீங்கள் முயற்சி செய்யாதீர்கள், போலீசில் சொல்லிவிடுவார்கள்.)

வீட்டுக்குள் நுழைந்தாள். செருப்பு ஒரு மூலைக்கும் பை ஒரு மூலைக்கும் போயின.

"டீ போடட்டுமாம்மா?" என்றார் பல்செட்காரர்.

"போடறதுன்னா போடுங்க! அதுக்கும் ஒரு கேள்வியா?"

"சர்க்கரை..."

"ஐயோ, ஏங்க உயிர வாங்கறீங்க!"

அவர் அடுப்பைப் பற்றவைத்தார். அக்காவுக்குத் தான் கத்தினோம் என்றே தெரியவில்லை. கண்ணை மூடி, அன்றைக்கு யாரிடமும் கத்தாததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.*

* இந்த வரியை எழுதும்போது என் வீட்டிலிருந்து "சாப்பிட வரீங்களா இல்லையா?" என்று குரல் வந்தது. "வரேன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன். உடனே பாஸ்டர் போன். "சொல்லுங்க பாஸ்டர்" என்றேன், தேன் ஒழுக. இது ஒரு குறிப்பு மட்டும்தான். கதைக்குள் இதைக் கொண்டுவர மாட்டேன்.

5

ஒருநாள் காலை. அக்காவின் காரை ஒரு புது மாணவி ஓட்டிக்கொண்டிருந்தாள். நாற்சந்தியில் பச்சை விளக்கு எரிந்தும் முன்னால் ஒரு கார் நகராமல் குதித்துக்கொண்டிருந்தது. எல் போர்டு போட்ட கார், போட்டிப் பள்ளியுடையது. கிளம்பும், விக்கும், அணைந்துபோகும். பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.

"நாமளும் அடிக்கட்டுமா மேடம்?"

"வேண்டாம்மா. உள்ள யாரோ பாவம், கையும் காலும் நடுங்கிட்டு உக்காந்திருப்பாங்க. பொறுமையா இருப்போம். தாண்டும்போது ஒரு சிரிப்பு சிரிங்க, அவங்களுக்கு தைரியம் வரும்."

பக்கத்தில் வந்தபோது மாணவி சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். உள்ளே கையும் காலும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவளுடைய வீட்டுக்காரர்.

அக்காவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் பதறிப்போய் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிட்டார், கார் மறுபடி அணைந்தது.

அக்காவுக்கு வயிற்றெரிச்சல் எப்படி இருந்திருக்கும்! ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவள் புருஷன் போட்டிக்காரனிடம் போய், அதுவும் திருட்டுத்தனமாக!

(இந்த இடத்தில் அவளை அழவிடலாமா என்று யோசித்தேன். "அவள் கண்களில் இரு துளிகள்—" அழமாட்டாளாம். பல்லைக் கடித்துக்கொண்டு மாலைவரை வேலை பார்த்தாள்.)

6

"ஏங்க, நான் என்ன செத்தா போயிட்டேன்? அவன்கிட்ட போய்க் கத்துக்கறீங்க? ஊர் என்ன பேசும்?"

பல்செட்காரர் துண்டால் கையைத் துடைத்தார்.

"உன்கிட்ட கேக்க பயமா இருந்துச்சும்மா."

"நான் கத்தறத விட்டு எத்தன மாசம் ஆச்சு! யாரை வேணாக் கேளுங்க!"

"கேட்டேனே. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு மட்டும்தான் அந்தச் சேதி இன்னும் வந்து சேரல."

அக்கா அவர் கையிலிருந்த துண்டை வாங்கி மடித்தாள்.

"பொறுமைய எல்லாம் கார்லயே காலி பண்ணிட்டு வந்துடற. எனக்கு சட்டி சுரண்டறதுதான் மிச்சம். நான் கொற சொல்லல. ரெண்டாவது இடம்னு சபையில சொன்னப்போ எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

"இப்ப உங்களுக்கு எதுக்குங்க காரு? நான் ஓட்டறேன்ல?"

"அதுக்குத்தான். நாள் பூரா கார்ல உக்காந்து எவன் எங்க இடிப்பானோன்னு காலத் தூக்கிட்டே இருக்க. ஞாயித்துக்கிழம ஒருநாளாவது நான் ஓட்டணும், நீ ஜன்னல் வழியா வேடிக்க பாத்துட்டு வரணும். அவ்ளோதான் என் ஆச."

அக்கா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கிளட்ச சீக்கிரம் விடறீங்க, அதான் அணையுது" என்றாள்.

"லைசென்ஸ் டெஸ்ட் வருது. அதுக்கு முன்னாடி இந்த ஞாயிறு உன்ன உக்கார வச்சு சபைக்கு ஓட்டிட்டுப் போறேன். ஆனா நீ ஒரு தடவ கத்தினாலும் சாவிய குடுத்துட்டு இறங்கிடுவேன். அப்புறம் இந்த ஜென்மத்துல காரத் தொட மாட்டேன்."*

* "ஜென்மம்" என்ற சொல்லைப் பாஸ்டர் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார். நமக்கு ஒரே ஜென்மம்தான் பாஸ்டர், அதனால்தான் இந்த மிரட்டலுக்கு இவ்வளவு பலம்.

7

ஞாயிறு காலை. சொந்தக் கார். அவள் பக்கத்தில் பிரேக் கிடையாது, மிதியடி மட்டும்தான் கிடந்தது. அக்கா கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் சொன்னது கத்தக் கூடாது என்று. அவள் எடுத்துக்கொண்டது பேசவே கூடாது என்று. கத்தலுக்கும் மௌனத்துக்கும் நடுவில் அவளிடம் ஒரு நல்ல கியர் இருந்தது, ஆனால் அதை மாணவர்களுக்கு மட்டும்தான் போட்டுப் பழக்கம்.

அவர் இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து வைப்பரைப் போட்டார். மழையே இல்லாத வானத்தின் கீழ் வைப்பர் கிறீச் கிறீச் என்று ஆடியது. அக்கா கைக்குட்டையைக் கடித்தாள். இரண்டாவது கியரிலேயே முழு வழியும் போனார். ஒரு சைக்கிள்காரர் தாண்டிப் போனார். நடந்து போகிற ஒரு அம்மாவும் தாண்டிப் போனார்.

"கோவமா?" என்றார் அவர்.

தலையாட்டினாள், இல்லையென்று.

"ஒண்ணுமே பேசாம வரியே, அது இன்னும் பயமா இருக்கும்மா."

சபை வாசல் வந்தது. குறுகலான கேட், இரண்டு பக்கமும் கல்தூண். உள்ளே பாஸ்டர் நின்று இரண்டு கையாலும் வழிகாட்டினார். பாஸ்டருக்குச் சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். "வாங்க வாங்க, தாராளமா இடம் இருக்கு, கண்ண மூடிட்டு வாங்க!" காரின் மூக்கு அக்காவின் பக்கத்துத் தூணை நோக்கி நிதானமாகப் போனது. அக்காவின் கால் மிதியடியைத் தரையோடு அரைத்தது.

இங்கே முடிவு வைக்க வேண்டும்.

முடிவு அ: அவள் கத்துகிறாள். தூண் பிழைக்கிறது, அவர் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்குகிறார். (எழுதிப் பார்த்தேன். அவர் இறங்கி நடந்து போகிற முதுகை என்னால் பார்க்க முடியவில்லை.)

முடிவு ஆ: அவள் கத்தவில்லை. கார் தூணில் தேய்கிறது. இருவரும் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள். (யார் வீட்டில் ஐயா இப்படி நடக்கிறது? பெயிண்ட் போன காரைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?)

முடிவு இ, பாஸ்டர் போனில் சொன்னது: காற்றடித்துத் தூண் தானாக விலகுகிறது. ("தூண் விலகினா கேட் விழுந்துடுமே பாஸ்டர்?" "அதுக்கும் ஒரு வழி இருக்கும் பிரதர்.")

8

மூன்றும் வேண்டாம் என்று நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது பல்செட்காரர் தானாகவே பிரேக்கை மிதித்தார். தூணுக்கும் காருக்கும் நடுவே ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான். என்னைக் கேட்டுச் செய்யவில்லை. கைபிரேக்கையும் இழுத்தார். பின்னால் ஆராதனைக்கு வந்த கார்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. பாஸ்டர் இன்னும் வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் தூணைப் பார்க்கவில்லை, பாஸ்டரையும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"வாய மூடிட்டு வரச் சொல்லலம்மா. கத்தாதன்னுதான் சொன்னேன். இப்ப எந்தப் பக்கம் ஒடிக்கணும்னு எனக்குத் தெரியல. மத்தவங்களுக்கு சொல்லுவியே, அந்த மாதிரி எனக்கும் ஒருதடவ சொல்லேன்."

அக்கா கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தாள். புது மாணவிக்குச் சொல்வது சுலபம், அவள் நாளைக்குப் போய்விடுவாள். இத்தனை வருஷம் கூடவே இருக்கிறவர் அந்தக் குரலைக் கேட்டால் எங்கிருந்து எடுப்பது? முதல் இடத்தில் இருக்கிறவரைக் கண்ணை மூடி ஒரு கணம் கூப்பிட்டாள். பிறகு இரண்டாம் இடத்துக்காரர் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"............................"

காலியாகத்தான் விட்டிருக்கிறேன், அச்சுப் பிழை அல்ல. அவள் சொன்ன வார்த்தைகள் எனக்குத் தெரியும். "கொஞ்சம் உங்க பக்கம் ஒடிங்க." இதில் ஒன்றும் ரகசியம் இல்லை. அதை எந்தக் குரலில் சொன்னாள் என்பதுதான் எனக்கு எழுத வரவில்லை. மலரில் அச்சடித்தால் கத்தலும் கனிவும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆகையால் மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் உங்களுடைய இரண்டாம் இடத்து ஆள் யாராவது இருப்பார். அவரைப் பார்த்து அந்த வரியை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் நிமிர்ந்து பார்த்து, "இப்ப நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டால் கார் தூணில் இடித்துவிட்டது. ரிவர்ஸ் எடுத்து, மறுபடி சொல்லுங்கள்.