கண்ணாடிக் குழாயில் ஆடாத தண்ணீர்

அத்தானுக்கு மரம் தெரியும், இரும்பு தெரியாது. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "அதான் இரும்பு தெரிஞ்சவ நீ இருக்கியே, இன்ஸ்பெக்டரம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நான் இன்ஸ்பெக்டர் இல்லை. விடுதிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு சலவைக்கூடத்தில் பாய்லர் பார்க்கிறேன். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிப் பதினொரு வருஷம் ஆகிறது. எதைப் பார்த்தாலும் "இது வெடிக்குமா?" என்று கேட்கிற ஆள் என்று வீட்டில் எனக்குப் பெயர்.

என் அக்காவுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வரும் நோய். மூன்று வருஷமாக மூக்கில் குழாயோடு இருக்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு கரண்ட் வேண்டும். கரண்டோ ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் போய்விடும். எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பேட்டரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைப்பதில்லை. வீட்டுக்கு மூன்று பக்கமும் மாடிக் கட்டடங்கள், கூரையில் வெயில் விழுவதே அதிசயம். ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஒரு பெரிய சிலிண்டரும், வெளியே போகும்போது எடுத்துப்போக ஒரு சின்ன சிலிண்டரும் கொடுப்பார்கள். பெரியதை அவசரத்துக்கென்று கட்டிலோரம் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அவள் புருஷன், என் அத்தான், தச்சர். ஜன்னல், கதவு, நிலை எல்லாம் செய்வார். பட்டறையில் துண்டு மரம் மலைபோலக் கிடக்கும். "விறகு இருக்கு. தண்ணி இருக்கு. அப்புறம் என்ன?" என்று ஒருநாள் ஆரம்பித்தார். பழைய இரும்புக் கடையிலிருந்து காற்றை அடைத்துவைக்கும் ஒரு பழைய இரும்புத் தொட்டியும், ஏதோ படகில் ஓடிய சின்ன நீராவி எஞ்சினும் வந்து சேர்ந்தன. வெல்டர் ஒருவர் தொட்டிக்கு அடுப்பு கட்டிக் கொடுத்தார். எஞ்சினிலிருந்து பெல்ட் போட்டு லாரி ஆல்டர்னேட்டரைச் சுற்ற வைத்தார்கள். அது பேட்டரியை ஏற்றும், பேட்டரி மெஷினை ஓட்டும்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஓடியது. தெருவே இருண்டு கிடந்த ஒரு சாயங்காலம் அக்காவின் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. எதிர்க்கடைத் தையல்காரர் வந்து கைதட்டினார். அக்கா குழாயைச் சரிசெய்துகொண்டே, "உங்க அத்தான் எனக்காக ரயிலே விடுறாரு பாரு" என்றாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் சிரித்ததைப் பார்த்தேன். நான் மட்டும் பின்பக்கம் போய்த் தொட்டியைச் சுற்றிப் பார்த்தேன்.

தொட்டியின் தகடு மெல்லியது. காற்றுக்குச் செய்தது, நெருப்புக்கு அல்ல. வெல்டிங் ஒரு இடத்தில் தடித்து, ஒரு இடத்தில் இளைத்துப் போயிருந்தது. அதுவும் அக்கா படுத்திருக்கும் அறைக்கு நேர் பின்னால், ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு கொட்டகையில் நின்றது.

"அத்தான், ஆவியைப் பார்த்து நான் பயப்படல. உள்ள கொதிக்கிற தண்ணியைப் பார்த்துதான் பயப்படுறேன். எங்கயாவது கிழிஞ்சா அத்தனை தண்ணியும் ஒரே நொடியில ஆவியாயிடும். சுவர் நிக்காது."

"அப்போ அணைச்சிடவா?" என்று கேட்டார். கோபமில்லை, உண்மையாகவே கேட்டார். உள்ளே மெஷின் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

என்னால் முடிந்ததைச் செய்தேன். புது சேஃப்டி வால்வு வாங்கி மாட்டினேன். தண்ணீர் மட்டம் தெரிய ஒரு கண்ணாடிக் குழாய் பொருத்தினேன். பாதிக்குக் கீழே இறங்கினால் கைப்பம்பை அடித்துத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்று சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன். குளிர்ந்த தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுத்து, தகடு தாங்குகிறதா என்று ஒருமுறை சோதிக்க வேண்டும், அதற்கு ஒருநாள் முழுக்க நிறுத்த வேண்டும் என்றேன். அத்தான் ஒத்துக்கொண்டார். ஆனால் எந்த நாளை நிறுத்துவது? நாங்கள் குறித்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கரண்ட் போனது.

பாய்லர் ஆபீசுக்குப் போன் செய்து, பேர் சொல்லாமல் விசாரித்தேன். "வீட்டுல வச்சிருந்தா உடனே வந்து சீல் வச்சிடுவோம்மா, விலாசம் சொல்லுங்க" என்றார்கள். "சீல் வச்சா அதுக்குப் பதிலா என்ன கொடுப்பீங்க?" என்றேன். "நாங்க என்னம்மா கொடுக்கறது?" என்றார் அந்த மனிதர். அவர் மேல் தப்பில்லை. போனை வைத்துவிட்டேன்.

மழைக்காலத்தில் ஒரு சூறைக்காற்று அடித்து, எங்கள் பகுதியில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. இரண்டு நாளாகக் கரண்டே இல்லை. அத்தான் அடுப்பை அணைக்கவேயில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஷிப்ட் முடிந்து நேராக அங்கே போனேன். கண்கள் ரத்தமாய்ச் சிவந்து, கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வா வா. இன்னைக்கு ரொம்ப சமத்தா ஓடுது. காலையிலேருந்து தண்ணி இறங்கவே இல்ல. பம்பு அடிக்கிற வேலையே இல்லாம போச்சு."

எஞ்சின் ஓடினால் தண்ணீர் குறைந்தே தீர வேண்டும். கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். பாதியில் தண்ணீர் நின்றது. ஓடும் பாய்லரில் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும். இது படம் வரைந்து ஒட்டியதுபோல் அசையாமல் நின்றது. குழாயின் அடித் திருகைத் திறந்துவிட்டேன். நின்ற தண்ணீர் வடிந்து, பிறகு வெறும் ஆவி சீறியது. மூடினேன். தண்ணீர் திரும்ப ஏறவில்லை. தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வரும் கீழ்த்துளை சேற்றால் அடைபட்டிருந்தது. காலையிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது பழைய தண்ணீரை.

அவர் கை பம்பை நோக்கிப் போனது.

"தொடாதீங்க! தகடு பழுக்கக் காய்ஞ்சிருந்தா, இப்போ பச்சைத் தண்ணி பட்டா அவ்வளவுதான்."

சாம்பலை மண்வெட்டியால் அள்ளி நெருப்பின் மேல் கொட்டி மூடினேன். அதற்கு மேல் அதன் பக்கத்தில் நிற்கக்கூடாது. "அக்காவை வெளிய கொண்டுபோகணும், இப்பவே."

சின்ன சிலிண்டரை அவள் மடியில் வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியோடு ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தோம். தையல்காரர் கடையைத் திறந்துவிட்டு, பக்கத்து வீடுகளைத் தட்டி எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும், நேரமாகும் என்றார்கள்.

"எவ்வளவு நேரத்துல ஆறும்?" என்றார் அத்தான்.

"ரெண்டு மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது."

சின்ன சிலிண்டரின் முள் சிவப்புக்கோட்டுக்கு வந்துவிட்டது. பதினைந்து நிமிஷம் தாங்கினால் பெரிது. பெரிய சிலிண்டர் கட்டிலோரமே நின்றது. நாற்காலியைத் தூக்கிய எங்கள் இருவருக்கும் அதை எடுக்கக் கையில்லை. அக்காவின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. அத்தான் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. நீதானே படிச்சவ. போனா வெடிக்குமா?"

"தெரியல அத்தான்."

"போகலன்னா இவ தாங்குவாளா?"

போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, போகாதீர்கள் என்று சொல்லவும் வரவில்லை. அவர் மெதுவாக அவள் விரல்களைச் சட்டையிலிருந்து பிரித்துவிட்டு ஓடினார்.

வாசல் வழியாக உள் அறை வரை தெரிந்தது. சிலிண்டரைச் சாய்த்து, தரையில் உருட்டிக்கொண்டு வந்தார். முன் அறையைத் தாண்டி, வாசற்படிக்கு இரண்டடி உள்ளே இருந்தபோது பாய்லர் கிழிந்தது. இடி மாதிரி ஒரே ஒரு சத்தம். பின் சுவர் இல்லாமல் போனது. வீடு முழுக்க வெள்ளையாக ஆவி நிரம்பியது. சிலிண்டர் மட்டும் படியில் உருண்டு தெருவுக்கு வந்தது. அவர் அதன் பின்னால் தவழ்ந்து வந்தார். முதுகிலும் கைகளிலும் தோல் தொங்கியது.

தையல்காரர் சிலிண்டரை இழுத்துவந்தார். நான் குழாயை மாற்றி, வால்வைத் திறந்தேன். அக்காவுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் அவள் கத்திய கத்தலை என்னால் எழுத முடியாது. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை அவர்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அது ஒன்றுதான் எனக்குச் செய்யத் தெரிந்திருந்தது.

இருவரையும் ஒரே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அத்தான் பிழைப்பார் என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். உளி பிடிக்கிற கை மட்டும் இனி முழுசாக மடங்காதாம்.

பாய்லர் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். "நீங்க லைசென்ஸ் வச்சிருக்கீங்க. ஆபத்துன்னு தெரிஞ்சும் ஏன் புகார் கொடுக்கல?"

"புகார் கொடுத்திருந்தா எங்க அக்கா அந்த வாரமே போயிருப்பா சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு மறுபடி திறந்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். என் லைசென்ஸ் விசாரணை முடியும்வரை அவர் கையில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை அக்காவை டிஸ்சார்ஜ் செய்வதாகச் சொன்னார்கள். வீட்டில் பின் சுவர் இல்லை. என் வீடு மூன்றாம் மாடி, அங்கேயும் கரண்ட் இதே லட்சணம்தான். நர்ஸிடம் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். கட்டிலுக்கு வரிசையில் ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள் என்றாள். அவளுக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டு, "அன்னைக்கு அவரைப் போகவேணாம்னு நீ சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள்.

"சொல்லியிருந்தா நீ..."

"தெரியும்டி" என்றாள். "தெரிஞ்சுதான் கேக்கறேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.