முதலில் என்ன செய்வீர்கள்?

பதினெட்டு வருடமாக லிஃப்ட் மாட்டிக்கொண்டிருப்பவளைப் பார்த்து, உனக்கு வேலை நடத்தத் தெரியாது என்று ஒரு கம்ப்யூட்டர் இரண்டு முறை சொல்லிவிட்டது.

திட்ட மேலாண்மைத் தேர்வு. அதில் தேறாதவர்கள் பெரிய வேலைக்குத் தலைமை தாங்கக் கூடாதென்று அலுவலகத்தில் புது உத்தரவு. புது மருத்துவமனைக்கு எட்டு லிஃப்ட். மோப்பம் பிடித்து, அளந்து, பேசி, அந்த வேலையை வாங்கி வந்ததே அவள்தான். வருடத்துக்கு மூன்று முறைதான் தேர்வு எழுதலாம். இந்த முறையும் கோட்டைவிட்டால் எட்டும் பக்கத்துக் கிளைக்குப் போய்விடும்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர்தான் வாத்தியார். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி வாசித்தார்.

"சரக்கு நாலு வாரம் லேட்டாகும்னு சப்ளையர் சொல்றான். முதல்ல என்ன செய்வ?"

"நேரா அவன் கிடங்குக்குப் போய் வாசல்ல உக்காந்துடுவேன்."

"அது இங்க இல்லம்மா."

"ஏன் இல்ல? போன தடவை அப்படித்தானே ஒம்பது நாள்ல மோட்டார் வந்துச்சு!"

"வந்துச்சு. இங்க நாலு விடைதான் இருக்கு. அதுல ஒண்ணு சொல்லு."

"அப்ப இதை எழுதினவன் ஜென்மத்துல ஒரு மோட்டார் வாங்கினதில்ல."

சரியான விடை: பாதிப்பை ஆராய்ந்து, சம்பந்தப்பட்டவர்களுடன் கலந்து பேசுதல். அடுத்த கேள்விக்கும் கலந்து பேசுதல். அதற்கடுத்ததற்கும் அதே. அவள் புத்தகத்தைப் பிடுங்கி மூலையில் வீசினாள். கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இந்தப் புத்தகம் மாதிரியே பேசற ஆளை நான் எங்கயோ பார்த்திருக்கேனே... ஆங், உங்க மேனேஜர்!"

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. சுவரில் ஓர் ஆணி அடிக்க மூன்று கூட்டம் போடுகிற மனிதர் அவர். ஃபிட்டர்கள் வைத்த பெயர் 'பேசுவோம் சார்'.

"அவரை மாதிரி யோசிக்கச் சொல்றீங்களா? அதுக்கு நான் ஃபெயிலாவே போறேன்."

"போ. லிஃப்டைப் பக்கத்துக் கிளைக்காரன் மாட்டட்டும்."

தேர்வு அறையில் அவள் பேசுவோம் சாரை மனசுக்குள் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். கை ஒரு விடைக்கு ஓடும், இழுத்துப் பிடித்து, "சார், நீங்க என்ன செய்வீங்க?" என்பாள். "பேசுவோம்மா" என்பார் அவர். தொண்ணூறாவது கேள்வியில், பல்லை நறநறக்க வேண்டாம், மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று கண்காணிப்பாளர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நூற்றுப் பன்னிரண்டாவது கேள்வி: நன்றாக வேலை செய்துவந்த ஒருவர் சில நாட்களாகத் தவறு மேல் தவறு செய்கிறார். முதலில் என்ன செய்வீர்கள்?

அவள் கை நின்றது. போன வருடம் அப்பா படுக்கையில் விழுந்திருந்தபோது இரண்டு மோட்டார்களைத் தப்பான அளவில் வரவழைத்தவள் அவளேதான். பேசுவோம் சார் கதவைச் சாத்திவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்றார். பிறகு நாற்பது நிமிடம் தன் அப்பாவைப் பற்றியே பேசினார். ஆனால் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அவளைப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பினார். அதை அவள் வசதியாக மறந்திருந்தாள்.

மூக்கை உறிஞ்சினாள். கண்காணிப்பாளர் மறுபடி வந்தார்.

தேறிவிட்டாள். ஒரு வாரத்தில் மருத்துவமனை வேலை அவள் பெயரில் உத்தரவானது. கீழே வேனில் ஆறு ஃபிட்டர்கள் ஹெல்மெட்டோடு தயார். மேனேஜர் வழியில் மடக்கினார்.

"எப்படிம்மா பாஸ் பண்ணீங்க?"

"உங்களை நினைச்சுத்தான் சார் எழுதினேன்."

அதில் எள்ளளவும் பொய் இல்லை. அவர் கண் கலங்கிவிட்டது. "இதை எல்லாரோடயும் பகிர்ந்துக்கணும்மா. இப்பவே ஒரு சின்ன மீட்டிங் வெச்சிடுவோம்."

அவள் போனை எடுத்தாள்.

"தம்பிங்களா, ஹெல்மெட்டைக் கழட்டிட்டு டீ குடிங்க. அரை மணியில வந்துடறேன்... இல்லப்பா, சாப்பாட்டையும் முடிச்சுடுங்க."