இருநூற்றுப் பதினான்கு புகார்கள்

நாய் பிடிக்கும் வண்டியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவருக்கு ஊர் வைத்த பெயர் சுருக்கு. கையில் எப்போதும் ஒரு நீளக் கம்பும் அதன் நுனியில் கம்பிச் சுருக்கும் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. யாராவது வீட்டுக்குத் தேடி வந்தால் அவர் மனைவியே, "சுருக்கு இப்பதான் குளிக்கப் போனாரு, உட்காருங்க" என்பாள்.

நகராட்சி அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு கால்நடை மருத்துவர் பொறுப்பேற்று வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. எல்லோருக்கும் டாக்டரம்மா. வந்த முதல் வாரமே கம்பையும் சுருக்கையும் வாங்கிக் கிடங்கில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே நாயைப் பிடிச்சு ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுறது கிடையாது. ஒரு தெருவைக் காலி பண்ணினா என்ன ஆகும்னு என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

சுருக்குக்குத் தெரியும். ஒரு தெருவிலிருந்து நாலு நாயை ஏற்றிக்கொண்டு போனால், அடுத்த மாதமே பக்கத்துத் தெருவிலிருந்து நாலு நாய் அங்கே குடிவந்துவிடும். குப்பை அப்படியே இருக்கும்போது தின்ன ஆள் வராமலா போகும்? யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

டாக்டரம்மாவின் திட்டம் வேறு. குப்பைத் தொட்டிகளை மூட வைக்கவேண்டும். தெருக்காரர்களையும் கூடச் சேர்த்துக்கொண்டு, நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும். பெருகிய பிறகு துரத்துவதைவிடப் பெருகாமல் பார்த்துக்கொள்வது மேல் என்றார். அதற்கு முதலில் எத்தனை நாய் இருக்கிறது என்று தெரியவேண்டும். அதிகம் புகார் வருவது ஆறாம் குறுக்குத் தெருவிலிருந்து. அங்கே போய் எண்ணி வரும்படி ஒரு நோட்டையும் பேனாவையும் அவரிடம் நீட்டினார்.

இதென்ன பெரிய விஷயம் என்றுதான் சுருக்கு கிளம்பினார். வண்டிகூட எடுக்கவில்லை. நடந்தே போனார்.

தெரு முனையில் படுத்திருந்த ஒரு செம்பட்டை நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒரே ஒரு முறை குரைத்தது. அவ்வளவுதான், தெரு துடைத்துவிட்டாற்போல் ஆகிவிட்டது. ஒரு வால் சந்துக்குள் மறைவதை மட்டும் அவர் பார்த்தார். வாலை எண்ணிக்கையில் சேர்க்கலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டார்.

மறுநாள் மச்சானின் பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, மனைவியின் முகப்பவுடரைக் கழுத்துவரை அப்பிக்கொண்டு போனார். நாய்கள் ஏமாறவில்லை. எதிரே வந்த மனிதர்கள்தான் இரண்டு பேர் ஒதுங்கிப் போனார்கள்.

நாய்களாவது பரவாயில்லை, மனிதர்கள் அதைவிட மோசம். தையல் கடை நடத்தும் அம்மாளிடம், "இங்க எத்தனை நாய் இருக்குங்க?" என்று கேட்டார்.

"நாயா? நான் பார்த்ததே இல்லையே" என்றாள் தையல்காரம்மா, தையலிலிருந்து தலையைத் தூக்காமல். அவள் மிதித்துக்கொண்டிருந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில், துணிக்குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு மூக்கு எட்டிப்பார்த்தது. அவள் காலாலேயே ஒரு துண்டுத் துணியை இழுத்து அதை மூடினாள்.

மூன்றாம் நாள் சுருக்கு நோட்டை டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தார். அதில் ஒரு பூஜ்யம் இருந்தது.

"அந்தத் தெருவிலிருந்து மட்டும் இருநூத்திப் பதினாலு புகார் வந்திருக்கு. ஒரு நாய்கூட இல்லையா?"

"இருக்குங்க. என்னைப் பார்த்தா இல்லாமப் போயிடுது."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, புகார்களையாவது படித்துப் பார்க்கச் சொன்னார். சுருக்கு கோப்பு அறைக்குப் போய்த் தூசி தட்டிப் புகார்க் கட்டை எடுத்தார். பதினோரு வருடத்துப் புகார்கள், இருநூற்றுப் பதினான்கும் ஒரே கையெழுத்து. இதுவரை ஒவ்வொன்றிலும் அவர் பார்த்தது தெருப் பெயரை மட்டும்தான். பார்த்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். முழுதாகப் படிப்பது இதுதான் முதல் தடவை.

'பொருள்: இடது காது மடிந்த கறுப்பு நாய் தொடர்பாக. மேற்படி நாய் காலை ஆறு பத்துக்கு உணவு விடுதியின் பின்புறம் மூடியில்லாத தொட்டிக்கு வருகிறது. ஆறு நாற்பதுக்கு இறைச்சிக் கடைக்குச் செல்கிறது. மதியம் தையல் கடையில் உறங்குகிறது. இதன் தாய், எனது நூற்று இரண்டாம் புகாரில் கண்ட வெள்ளை நாய் ஆகும்.'

சுருக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். எந்த நாய் எங்கே தூங்குகிறது, எப்போது குட்டி போட்டது, எத்தனை பிழைத்தது, யாரைப் பார்த்தால் உறுமும் என்று எல்லாம் அதில் இருந்தது. டாக்டரம்மா கேட்ட கணக்கெடுப்பை ஒரு மனிதர் பதினோரு வருடமாகச் சம்பளமில்லாமல் செய்து, தபால் செலவும் தானே போட்டு அனுப்பியிருக்கிறார். இரண்டு நாள் உட்கார்ந்து பட்டியல் போட்டபோது இருபத்து மூன்று நாய் தேறியது.

எழுதியவர் அந்தத் தெருவின் பதினெட்டாம் எண் வீட்டில் இருந்தார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயர் புகார் சார். சுருக்கு கதவைத் தட்டியதும், தான் யாரென்று சொன்னதும், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினோரு வருஷம் ஆகியிருக்கு நீங்க வர்றதுக்கு" என்றார்.

"வந்துகிட்டுத்தான் சார் இருந்தேன். உங்க புகாருக்காக இந்தத் தெருவிலிருந்து முப்பத்தொரு நாயைத் தூக்கியிருக்கேன்."

"அப்படின்னா ஏன் குறையலை?"

"நகல் வெச்சிருக்கீங்களா?"

வைக்காமல் இருப்பாரா? அலமாரியிலிருந்து நான்கு கோப்புகள் வந்தன. சுருக்கு தன் பழைய வண்டிப் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்தார். இவர் நாய் தூக்கிய ஒவ்வொரு மாதத்துக்கும் அடுத்த மாதம் புகார் சாரின் புகார் ஒன்று இருந்தது: 'புதிதாகக் காணப்படும் பழுப்பு நாய் தொடர்பாக', 'அடையாளம் தெரியாத இரண்டு நாய்கள் தொடர்பாக'. புகார் சார் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். பதினோரு வருடமாகத் தன் புகாரை யாரும் மதிக்கவில்லை என்ற கோபத்தில் வாழ்ந்தவர் அவர். எல்லாப் புகாரையும் மதித்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபோது முகம் தொங்கிப்போய்விட்டது.

"அப்ப நான் எழுதினதெல்லாம் வீண்தானா?"

"வீணா? இதை வெச்சுத்தான் சார் நான் இருபத்து மூணுன்னு கணக்குக் கொடுத்தேன். எது எங்க சாப்பிடுதுன்னு இதுலதான் இருக்கு. அந்தச் சாப்பாட்டை ஒழுங்கு பண்ணினா பாதி வேலை முடிஞ்சது. உணவு விடுதித் தொட்டிக்கு மூடி, இறைச்சிக் கடைக் கழிவு. ஒண்ணு மட்டும்தான் பிடிபடலை." அவர் ஒரு கட்டைத் தனியாக எடுத்தார். "பின் சுவர் ஓரமா, செவ்வாயும் வெள்ளியும், மிச்சச் சாப்பாட்டைக் கொட்டுற பெயர் தெரியாத நபர். பதினேழு புகார் எழுதியிருக்கீங்க."

"மிக மோசமான ஆள். குட்டி போட்ட நாய் எல்லாம் அங்கதான் கூடுது. இன்னும் கையும் களவுமா அகப்படலை."

சமையலறையிலிருந்து அவர் மனைவி தேநீரோடு வந்தாள். தட்டை வைத்துவிட்டு, "அது நான்தான்" என்றாள்.



"நீ எதுக்கு அங்க…"

"செவ்வாயும் வெள்ளியும்தான் நீங்க பென்ஷன்காரங்க சங்கக் கூட்டத்துக்குப் போறீங்க. பத்து வருஷமா என்மேலதான் புகார் எழுதிட்டிருந்தீங்களா?"

"பெயர் தெரியாத நபர்னுதான் எழுதினேன்" என்றார் புகார் சார், குரல் இறங்கி.

சுருக்கு தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். வாய் வெந்தது. சிரிப்பை அடக்க அது உதவியது.

அந்த வாரமே தையல் கடையில் கூட்டம் போட்டார்கள். பட்டியலை வாசித்தபோது கறுப்பு மூக்கு பன்னிரண்டாவதாக வந்தது. அதை யாரும் ஊருக்கு வெளியே கொண்டுபோகப் போவதில்லை என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்ன பிறகுதான் தையல்காரம்மா துணிக்குவியலை விலக்கினாள். உணவு விடுதிக்காரர், மூடிக்கு இடமில்லை, நேரமில்லை என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார். புகார் சார் தொட்டியின் விட்டத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் சொன்னதும் வாயை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் தொட்டிக்கும் மூடி வந்தது. கண்ட இடத்தில் கொட்டுவதை நிறுத்தி, பின் சுவர் ஓரம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அளவாக உணவு வைப்பது என்று முடிவானது. பொறுப்பு, பெயர் தெரிந்துவிட்ட அந்த நபருக்கு.

நாய்கள் நேரத்துக்கு வரப் பழகின. புது வண்டி ஒன்று வந்து நின்றது. அதன் சத்தம் நாய்களுக்குப் பழக்கமில்லை. ஆனால் சுருக்கின் வாடை பழக்கம். அதனால் நாய்களை ஏற்றும் நாட்களில் அவரைத் தையல் கடையின் அளவெடுக்கும் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். வெளியே தையல்காரம்மாவும் சாரின் மனைவியும் ரொட்டித் துண்டைக் காட்டி ஒவ்வொன்றாகக் கூண்டுக்குள் அனுப்ப, புகார் சார் வகுப்பில் வருகை எடுப்பதுபோல் எண் சொன்னார். சுருக்கு திரைக்குள்ளிருந்து பட்டியலில் டிக் போட்டார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர் திரையை விலக்கி அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

மூன்று மாதத்தில் இருபத்திரண்டு முடிந்தது. எல்லாம் கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனி சிறிது வெட்டப்பட்டு, ஊசி போடப்பட்டு, அதனதன் பழைய இடத்தில் வந்து படுத்துக்கொண்டன. புதிதாக ஒரு நாயும் தெருவுக்குள் வரவில்லை. வரப் பார்த்தாலும் இவை விடவில்லை. மீந்தது முனையில் காவல் காக்கும் செம்பட்டை மட்டும்தான். அது கூண்டைப் பார்த்தாலே கம்பி நீட்டியது. நாற்பது புகாரில் புகார் சார் அதை 'முரட்டு ஆண் நாய்' என்று எழுதியிருந்தார்.

ஒரு மழைக் காலையில் அது அவர் வீட்டு வாசலிலேயே வந்து படுத்திருந்தது. கால் பிசகியிருந்தது. நடக்க முடியவில்லை. மனைவி ஊரில் இல்லை, தையல்காரம்மாவுக்குக் காய்ச்சல். புகார் சார் போன் செய்து சுருக்கை வரச் சொன்னார். வண்டி வந்து நின்றபோது அவர் பழைய போர்வையில் நாயைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். சுருக்கைப் பார்த்து அது உறுமியது. ஓட முடியாததால் சாரின் கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

"கூண்டு வேண்டாம். இப்படியே வர்றேன்" என்றார் புகார் சார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, காலில் எலும்பு முறிவு இல்லை, சுளுக்குதான் என்றார். கூடவே, "சார், இது பெண் நாய்" என்றார்.

புகார் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "நாற்பது புகாரிலும் திருத்தம் போடணும்" என்றார்.

கருத்தடை அறுவைசிகிச்சையும் அன்றே நடந்தது; அது முடியும்வரை நீள பெஞ்சில் சுருக்கும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உதவியாளர் ஒரு படிவம் கொண்டுவந்தார். 'உரிமையாளர் அல்லது பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"உங்க நாயா சார்?"

"இல்லை" என்றார் புகார் சார். பேனாவை வாங்கிக்கொண்டார். நெடுநேரம் யோசித்து அந்த இரண்டு வார்த்தைகளையும் அடித்தார். மேலே 'புகார்தாரர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உதவியாளர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா தலையாட்டினார்.

மூன்று நாள் கழித்து, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் காத்திருந்த புகார் சாரிடம் நாயைக் கொடுத்தார்கள். சுருக்கு வண்டியைக் கிளப்பினார். வேகத்தடை வந்தது.

"மெதுவா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "தையல் போட்டிருக்காங்கல்ல. இவ்வளவு வேகம் எதுக்கு, யாரு துரத்துறாங்க உங்களை?"

சுருக்கு கியரைக் குறைத்தார். மாட்டுவண்டி ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது.