கடைசி இரண்டு அடிகள்

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் ட்ரெவெல்லன் ஆலயத்தில் ஹென்டர் ஐயா மெதடிஸ்ட் திருச்சபை ஊழியராக இருந்த காலத்தில், கடலடிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து மூழ்கி இறந்தவர்கள் ஞாயிறுதோறும் தரைக்கு அடியிலிருந்து பாடினார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. ஆலயப் பாட்டில் தாழ்ந்த சுரம் பிடிக்கும் கீழ்க்குரல்காரர்கள் எல்லோரும் வெள்ளம் வந்த அன்று ஒரே வேளையில் சுரங்கத்தில் இறங்கியவர்கள். அந்த வாரம் பாட்டு ஒரு கால் குறைந்த மேசைபோல் ஆடியது. அடுத்த வாரம் கால் வந்துவிட்டது.

சபையில் பலருக்குப் படிக்கத் தெரியாது. ஐயா இரண்டு அடி வாசிப்பார். சபை அதைப் பாடும். அடுத்த அடிகள் வரும்வரை கீழ்க்குரல்காரர்கள் கடைசிச் சுரத்தை விடாமல் பிடித்திருப்பார்கள். இறந்த பிறகும் அப்படியே செய்தார்கள். பலகை இடுக்குகளில் உப்புநீர் கசிந்தது. பெண்கள் பாவாடையைச் சற்றுத் தூக்கிக்கொண்டார்கள்.

"செத்தவங்களே சுருதியில நிக்கிறாங்க. உனக்கு என்ன கேடு?" என்று கொல்லனின் மனைவி கணவனைக் கேட்டாள்.

வேறு ஊழியர் வந்து வாசித்த நாட்களில் கீழே சத்தமில்லை. மூழ்கியவர்களில் ஒருவனான ஜேபஸின் மனைவி லவ்டே அந்த நாட்களில் பாதியிலேயே எழுந்து போனாள்.

மூன்று ஆண்டுக்கு மேல் எந்த ஊழியரையும் ஓரிடத்தில் வைப்பதில்லை. திருச்சபையின் ஆண்டு மாநாடு ஹென்டர் ஐயாவை வடக்கே மாற்றியது. அவர் பெட்டிக்குக் கயிறு கட்டும்போது லவ்டே வந்தாள்.

"நீங்க போனா அவரும் போயிடுவாரு ஐயா."

"இளைப்பாறட்டும்மா. பாட்டை முடிச்சு நானே அனுப்பி வைக்கிறேன்."

"உசுரோட இருந்தப்பவே ஒரு இடத்துல உக்காராத மனுசன். இளைப்பாறி என்ன பண்ணப் போறாரு?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு முடிச்சைப் போடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

கடைசி ஞாயிறு, கடைசிச் சரணத்தின் முதல் இரண்டு அடிகளை வாசித்தார். மேலேயும் கீழேயும் பாடினார்கள். மீதி அடிகளுக்கு வாய் திறந்தவர் லவ்டேயைப் பார்த்தார். புத்தகத்தை மூடித் தொப்பியை எடுத்துக்கொண்டு வண்டி ஏறினார். மேலே இருந்தவர்களுக்கு மூச்சு தீர்ந்தது. கீழே இருந்தவர்களிடம் தீர்வதற்கு மூச்சு இல்லை.

செப்டம்பரில் புதிய ஊழியர் வந்தபோது சுரம் தரைக்கடியில் நின்றுகொண்டிருந்தது. விசாரித்தார். இரக்கப்பட்டார். மீதி அடிகளை வாசித்து அவர்களை விடுவிக்கலாம் என்று புத்தகத்தைப் புரட்டினார். லவ்டே எழுந்தாள்.

"அந்தப் பாட்டு இங்க பாடறதில்லைங்க ஐயா. வேற குடுங்க."

மற்ற விதவைகள் தரையைப் பார்த்தார்கள். யாரும் மறுக்கவில்லை. வேறு பாட்டு கொடுத்தார். தரைக்கடியில் நின்ற சுரத்தில் அதை எடுத்தார்கள். ட்ரெவெல்லனில் எல்லாப் பாட்டையும் இப்போது அந்தச் சுரத்தில்தான் எடுக்கிறார்கள்.