ஐம்பதாயிரத்துக்குள் ஒரு கம்ப்யூட்டர்

யாருடைய படிப்புக்கு என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்தக் கம்ப்யூட்டர் கடையின் கதவு திறக்கும். வேறு காரணத்துக்கு யாரும் வாங்குவதில்லை என்பதால் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

திலகவதி 'மகள், ஏழாம் வகுப்பு' என்று எழுதினாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. மலைப்பாதையில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை நாற்பத்து நான்கு வயதில் விளையாட ஆசைப்பட்டாள். அதை எழுதக் கட்டம் இல்லை.

கதவு திறந்தது. உள்ளே ஸ்டூலில் மகள் உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடை, இரட்டைப் பின்னல்.

"இவ்ளோ நேரமாம்மா?"

"பஸ் கிடைக்கல. உன் பேரென்ன?"

"நீங்க எழுதலையே."

விற்பனையாளர் பரமேஸ்வரன் இருவரையும் உள்ளே அழைத்துப் போனார். நடக்க நடக்கக் கடை நீண்டது. கடைசியில் ஒரு திரை. அதில் லாரி ஒன்று மழையில் மலை ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழுந்தது. திலகவதி திரைக்கு அருகே போய் நின்றாள்.

"இந்த மழை தெரியணும்னா தனியா கிராஃபிக்ஸ் கார்டு போடணும் மேடம். உங்க ஐம்பதாயிரத்துல அடங்காது."

"வேற எதையாவது குறைச்சா?"

"ரேமைக் குறைச்சா லாரி மேட்டுல நின்னுடும். பவர் சப்ளைல கை வச்சா மொத்தமும் போயிடும். பாப்பாலதான் குறைக்கணும்."

"பாப்பாலயா?"

"எல்லாரும் பண்றதுதான். சில பேர் கேள்வி கேக்கறதை எடுத்துடுவாங்க. நீங்க எடையை எடுத்துடுங்க. பார்த்தா தெரியாது."

திலகவதி குரலைத் தாழ்த்தினாள். "படிப்புக்கு இல்ல, எனக்குத்தான்னு மாத்தி எழுதினா?"

"தாராளமா. அப்போ இவ இல்ல."

மகள் ஒரு மவுஸைத் தடவிக்கொண்டிருந்தாள். "எடைய எடுக்கட்டும்மா," என்றாள் நிமிராமல். "அதை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்."

கார்டு இல்லாமலும் லாரி ஓடும். மழை மட்டும் தெரியாது. மழை இல்லாமல் தன்னால் இருக்க முடியும் என்று திலகவதிக்கு நன்றாகத் தெரிந்தது. அது தெரிந்தபடியே, "கார்டைப் போடுங்க," என்றாள்.

பேருந்தில் நடத்துனர் கம்ப்யூட்டர் பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் கொடுத்தார். ஜன்னலோரம் இருந்த மகளை ஒருமுறை பார்த்தார்.

"பாப்பாவுக்கு வேணாம்."

"அரை டிக்கெட்டாவது குடுங்க."

"அரைக்குக்கூட வராதும்மா."

மேம்பாலத்தில் பேருந்து வேகம் பிடித்தது. காற்று உள்ளே வந்தது. மகள் இருக்கையிலிருந்து விரலளவு எழும்பினாள். பிறகு ஒரு சாண். பின்னல்கள் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டன. அவள் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"அம்மா, ஒரு கை மட்டும் குடுங்களேன்," என்றாள், கேட்பதே தப்பு என்பதுபோல.

பெட்டி குலுங்கினால் கார்டு கழன்றுவிடும். திலகவதியின் இரண்டு கைகளும் பெட்டியின் மேல் இருந்தன.

"இதோ," என்றாள்.