மாமன் சீரில் வந்த வெள்ளைப் பெட்டி

இண்டூரில் எங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, அம்மாவின் தம்பி மாதேஸ்வரன் மாமா மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்தார். வாழைத்தாருக்கும் தேங்காய்த் தட்டுக்கும் நடுவில், டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி. அட்டையெல்லாம் மஞ்சள் குங்குமம். நான் கேட்டது கறுப்பு. வந்தது வெள்ளை.

"கடைக்காரன் இதுதான் ஒசத்தின்னான் கண்ணு. கேட்டதுக்கு மேலேயே வாங்கியாந்துட்டேன்," என்றார் மாமா, பந்தலே கேட்கும்படி.

ஒசத்திதான். ஆனால் 'மலைக்கோட்டை' அதில் வராது. வேறு வேறு ஊரிலிருந்தும் இருவர் பேசிக்கொண்டே சேர்ந்து ஆடும் அந்த ஆட்டத்தைக் கறுப்புப் பெட்டிக் கம்பெனிக்காரர்கள் வேறு யாருக்கும் தரமாட்டார்கள். ஓர் ஆட்டத்தைக் காட்டிப் பெட்டியை நம் தலையில் கட்டுகிற வியாபாரம்.

எனக்கு ஆட்டம்கூடப் பெரிதில்லை. என் சிநேகிதி தேவிப்பிரியா பெங்களூரில் வாக்கப்பட்டிருக்கிறாள். போன் வந்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்காருவார் மாமியார். அவள் புருஷனின் கறுப்புப் பெட்டி படுக்கையறையில் இருந்தது. அதில் ஆடும்போது மட்டும், வெடிச் சத்தம் தாங்காமல் மாமியாரே கதவைச் சாத்திவிடுவாராம். "நீயும் கறுப்பு வாங்குடி கவி. அதுக்குள்ள வா, எல்லாம் சொல்றேன்," என்று ஒருமுறை கிசுகிசுத்திருந்தாள்.

கடையில் மாற்றிக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பொட்டு வெச்ச சீரை யாராச்சும் திருப்புவாங்களா?"

"அப்ப என் சம்பளத்துல கறுப்பு ஒண்ணு வாங்கிக்கறேம்மா."

"அது பக்கத்துலயே இன்னொண்ணா? மாமன் செஞ்சது பத்தலைன்னு ஊருக்குக் காட்டவா?"

அதோடு பேச்சு முடிந்தது. மாமா ஞாயிறுதோறும் வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்வார். அவர் பார்க்க நான் டிவியில் கார் ஓட்ட வேண்டும். வரும்போதெல்லாம் வெள்ளைப் பெட்டிக்கென்று ஒரு புது ஆட்டம் வாங்கிவருவார். ஆட்டங்கள் சேரச் சேர, அதை விட்டு வெளியேறும் வழி அடைபட்டுக்கொண்டே வந்தது. போதாததற்கு எனக்கு அது பிடிக்கவும் ஆரம்பித்துவிட்டது. ஜெயித்துச் சிரிக்கும்போது தேவி நினைப்பு வரும். என் மேலேயே ஆத்திரமாக வரும்.

போன ஞாயிறு தேவி கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் மாமியாரின் இருமல் கேட்டது.

"பெட்டியை ஹாலுக்கு மாத்திட்டாங்கடி. நீ இனிமே கறுப்பு வாங்க வேணாம்."

"நீ எப்படிடி இருக்கே?"

"நல்லா இருக்கேன்."

பல்வலி, பஸ் நெரிசல் என்று எதையாவது புலம்பாமல் என்னிடம் அவள் பேசியதே கிடையாது. இன்னொரு தரம் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

வாசலில் மாமாவின் வண்டி வந்து நின்றது. கையில் புது ஆட்டம்.

"பொட்டி நல்லா ஓடுதா கண்ணு?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டி என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா ஓடுதுங்க மாமா," என்றேன். தேவி பேசியது போலவே இருந்தது.